இருநூற்றுப் பதினான்கு பேருக்குக் குறையில்லை

நமுனுகுல மலைக்குக் கீழே கல்லுமலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருநூற்றுப் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட எந்தக் குறையும் கிடையாது. கூரை ஒழுகாது, தண்ணீர் நிற்காது, மருந்து தீராது, அட்டை கடிக்காது. இப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறது என்பதை முதன்முதலில் ஆதாரத்தோடு நிரூபித்தவள் தயானி. நிரூபித்த அன்று அவள் இரவுச் சோற்றைத் தொடவில்லை.

ஆதாரம் அவளுடைய மடிக்கணினியில் இருந்தது. பதுளையில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடக் கணினிப் படிப்பு. முடிவில் இருவர் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். பிறகு பரீட்சகர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கேட்பதற்கெல்லாம் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வைவா என்று பெயர். தயானி செய்தது முறைப்பாட்டு மென்பொருள். தோட்டத்து ஆட்கள் தங்கள் குறையை டெப் என்கிற தட்டைக் கைக்கணினியில் எழுதுவார்கள். அது ஓபீசுக்குப் போகும். ஓபீஸ் அதை ஏற்றுக்கொண்டதா, சரிசெய்ததா என்பதும் அதிலேயே தெரியும். நல்ல யோசனைதான். அதை உண்மையான ஆட்களிடம் இரண்டு மாதம் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு பதிவு. இருநூற்றுப் பதினான்கிலும் ஒரே வரி: "எல்லாம் நல்லா இருக்கு. குறை ஒன்றும் இல்லை." ஒரு முற்றுப்புள்ளிகூட இடம் மாறவில்லை.

வைவாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது இதை, வைவா எடுக்கப்போகிற விரிவுரையாளர் இரகுநாதன் சேர் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பதுளைக் குளிரையும் மாணவர்களையும் மன்னிக்காதவர். வைவாவில் மயங்கி விழுந்த ஒரு பையனைத் தண்ணீர் தெளித்து எழுப்பி, விட்ட கேள்வியிலிருந்தே தொடர்ந்தவர். அவருடைய அறையில் பல்லி சத்தம் போடுவதில்லை. முன்பு ஒன்று போட்டதாம். ஏன் போட்டாய் என்று கேட்டிருக்கிறார். விளக்கம் சொல்ல முடியாமல் பல்லி வாலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

"இதென்ன பிள்ளை?" என்றார்.

"முறைப்பாடு சேர்."

"எங்க? எனக்குத் தெரியேல்லையே. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாக்கட்டோ?" துடைத்தார். பார்த்தார். "இல்லைப் பிள்ளை. துடைச்சும் இல்லை. நீர் மீன் பிடிக்கிற வலை ஒண்டு செய்து ரெண்டு மாசம் கடலுக்கை விட்டிருக்கிறீர். ஒரு நெத்தலிகூட விழேல்லை. கடலிலை மீன் இல்லையோ, வலை பிழையோ?"

"மீன் நெறைய இருக்குங்க சேர்."

"அப்ப வலை பிழை. வைவாவுக்கு வரேக்கை, உண்மையான ஆள் ஒருத்தர் உண்மையா அனுப்பின முறைப்பாடு ஒண்டு எனக்குக் காட்டோணும். ஒண்டு காணும். நீரே எழுதிப்போட்டு வேலைக்காரர் எழுதினதெண்டு கொண்டு வந்தா எனக்கு மணத்திலையே விளங்கிடும். இல்லையெண்டா ரெண்டு பேரும் அடுத்த வருசம் வாங்கோ."

அடுத்த வருடம் என்பது அவருக்கு வாயில் வந்த ஒரு சொல். தயானிக்கோ பண்டாரவளையில் ஒரு மென்பொருள் கம்பனியில் ஒரு மேசை காத்திருந்தது. மாத முடிவுக்குள் பரீட்சையில் தேறிச் சித்தியடைந்த கடிதத்தைக் காட்டினால் மேசை அவளுக்கு. காட்டாவிட்டால் வெலிமடைக்காரி ஒருத்திக்கு. அதற்குப் பிறகு தோட்டத்தில் பேர் பதிய வேண்டியதுதான். பேர் பதிவது என்றால் கொழுந்து பறிக்கச் சேர்வது. மேல்பிரிவு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை வீரசிங்கம் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் பிரிந்து போக வரிசையில் நிற்கும்போது, "தயானி பாப்பா, சித்தியாகாட்டி ஒண்ணும் யோசிக்காத. ஒனக்குன்னு நல்ல கூடையா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று அறிவித்தார். வரிசை சிரித்தது. அவர் சொன்னால் வரிசை சிரிக்கும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தும்.

அவருடைய மகன் சுபாஸ்தான் தயானியின் கூட்டாளி. அவனைச் சேர்த்துக்கொண்டால்தான் தோட்டத்தில் டெப்பை வைக்க அனுமதி கிடைக்கும் என்பதால் சேர்த்துக்கொண்டாள். மென்பொருளில் அவனுடைய பங்கு, நுழைவுப் பக்கத்தின் நிறம். எட்டு மாதத்தில் மூன்று தடவை நிறத்தை மாற்றினான். மூன்றும் பச்சை.

டெப்பை வைத்தது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருநூற்றுப் பதினான்கு பேருடைய ஒற்றுமை விளங்காது. வெளிநாட்டுச் சான்றிதழ்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, தோட்டம் ஆட்களை நல்லபடி வைத்திருக்கிறதா என்று விசாரிப்பார்கள். தோட்டத்தில் அதற்கு ஒடிட் என்று பெயர். இருபத்தெட்டு வருடமாக மேல்பிரிவை ஒடிட்டுக்குத் தயார் செய்கிறவர் வீரசிங்கம். ஒரு தடவையும் தோற்றதில்லை. நாற்பது சோடிக் கையுறைகளை ஒரு லொறியில் ஏற்றி, சான்றிதழ்க்காரர்களுக்கு ஒரு பிரிவு முன்னால் ஓட விடுவார். அந்தக் கையுறைகள் மூன்று பிரிவிலும் மாறி மாறிக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆட்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே தாமாகத் தலையாட்டப் பழகிவிட்டன. ஒரு வருடம் வழியோரத்துக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொன்னார். வெற்றிலை மென்றுகொண்டு அசையாமல் நின்ற கிழவர் வீரய்யாவுக்கும் சேர்த்து முழங்கால்வரை அடித்துவிட்டார்கள். சான்றிதழ்க்காரர்கள் அவரை எண்ணினார்கள். ஆனால் கல் கணக்கில்.

ஆகவே தயானி டெப்பைக் கொண்டுவந்து கொடுத்ததும் வீரசிங்கத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பெரட்டுக் களத்து மேசையில் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். இரண்டு மாதமும் அது அங்கேயே இருந்தது. ஆட்களை வரிசையில் விட்டார். ஒருவர் எழுத, தான் ஒரு முழம் பின்னால் நின்றார்.

"நான் என்னா எழுதுறாங்கன்னு பாக்கல. ஒழுங்கா எழுதுறாங்களான்னு பாத்தேன்" என்று பிற்பாடு தயானியிடம் சொன்னார்.

சேர் அப்படிச் சொல்லி அனுப்பிய அன்று பின்னேரமே தயானி டெப்பைச் சங்கிலியிலிருந்து கழற்றிக்கொண்டு, ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போனாள். மேட்டு லயத்துப் பீலியடியில் பூங்காவனம் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஏதாச்சும் கொற இருந்தா சொல்லுங்களேன்."

"கொறையா?" அத்தை துணியை அடிப்பதை நிறுத்தவில்லை. "எதடி சொல்ல? கூர தகரம் காத்துல போயி ரெண்டு மாரி ஆச்சு. படுக்கைக்கு மேல குட புடிச்சிட்டுத் தூங்குறேன். மாமன் ஒரு பக்கம் திரும்புனா குடையும் திரும்பணும். இந்தப் பீலியில காலையில தண்ணி வர்ற நேரம் நான் மலையில, நான் வர்ற நேரம் தண்ணி மலையில. டாக்டர் ஐயா தல வலிக்கும் அந்த வெள்ள மாத்திர, கால் வலிக்கும் அந்த வெள்ள மாத்திர. போன மாசம் மாட்டுக்குக் காய்ச்சல்னு கேட்டேன், அதுக்கும் அதே..."

அரைமணி நேரம். ஒரு சொல்லும் இரண்டாம் தடவை வரவில்லை. தயானிக்கு உள்ளே தீபாவளி. டெப்பைத் திறந்து நீட்டினாள்.

"அத்த, இதையெல்லாம் அப்புடியே இதுல சொல்லுங்க. நானே எழுதுறேன்."

பூங்காவனம் அத்தை கையைத் துடைத்தாள். தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். டெப்பைப் பார்த்து, ஒரு துரையைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் குனிந்து சொன்னாள்:

"குறை ஒண்ணும் இல்லைங்க."

"அத்த, இப்பத்தான் இவ்வளவு சொன்னீங்க!"

"அது ஒங்கிட்ட சொன்னதுடி. இவருகிட்ட எப்புடிச் சொல்றது?"

அன்று பதினேழு வீடு ஏறினாள். பதினேழு வீட்டிலும் அவளுக்கு ஒரு புராணம், டெப்புக்கு ஒரு கும்பிடு. ஒரு வீட்டில் டெப்புக்குத் தேத்தண்ணிகூட வைத்தார்கள். இறங்கி வரும்போது தயானி மனதுக்குள் இருநூற்றுப் பதினான்கு பேரையும் பெயர் சொல்லித் திட்டினாள். குடை பிடித்துக்கொண்டு தூங்குங்கள். நன்றாகத் தூங்குங்கள். உங்களுக்காக எட்டு மாதம் கண் விழித்த நான்தான் முட்டாள். ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதக் கை வரவில்லை, முழுப் பிரிவுக்கும். இவர்களுக்கு முதுகெலும்பு இருந்த இடத்தில் கூடை தொங்குகிறது.

சனிக்கிழமை வீரசிங்கம் இருவரையும் பெரட்டுக் களத்துக்கு அழைத்தார். வைவாவுக்குத் தோட்டத்தின் சார்பில் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை அதைப் படிக்காமலே அவரிடம் தள்ளிவிட்டார். போகிறவர் சும்மா போவாரா?

"பரிச்சைன்னா என்னா? ஒடிட்தான்" என்றார். "வெள்ளக்காரனையே அனுப்பி வச்சவன் நான். ஒரு யாழ்ப்பாணத்தாருக்குப் பயப்படுவேனா? ரெண்டு பேரும் வரிசையில நில்லுங்க."

இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் கைப்பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பரீட்சகரானார்.

"மென்பொருள் எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றான் சுபாஸ்.

"கொற ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"தேவையானதெல்லாம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

"பாத்தியா பாப்பா? தண்ணியா வருது." மகனைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது. "நீ சொல்லு."

"ஐயா, அவரு அப்புடியெல்லாம் கேக்க மாட்டாரு. தகவல எந்த அட்டவணையில வச்சிருக்க, ரெண்டு பேரு ஒரே நேரத்துல எழுதுனா என்னா ஆகும், எழுதிட்டு இருக்குறப்ப சிக்னல் போச்சுன்னா என்னா ஆகும்னு கேப்பாரு."

"எதக் கேட்டாலும் மூணு பதிலுக்குள்ள அடக்கிறணும். அதுதான் வித்த. கேள்வி அவன் சொத்து, பதில் நம்ம சொத்து." பிரம்பால் மேசையைத் தட்டினார். "நாலாவது பதில் சொன்ன தோட்டம் எதுவும் உருப்பட்டதில்ல."

சுபாஸ் இரண்டு மணி நேரம் மூன்று பதில்களைப் பாடம் செய்தான். அவனுக்கு அது கஷ்டமாகவும் இருந்தது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சில சமயம் மாற்றிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் தயானி தனியாக உட்கார்ந்து, கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிப் பதில் தயார் செய்தாள். எதற்காகத் தயார் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. காட்டுவதற்கு முறைப்பாடு இல்லை. பதினோராவது கேள்வி, எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போனால் என்ன ஆகும். கல்லுமலையில் சிக்னல் என்பது மேகத்தோடு வந்து மேகத்தோடு போகிற சாமான். அதனால், ஒருவர் எழுத எழுத ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, அதுவரை எழுதியதை ஒரு தனி அட்டவணையில் பிரதி எடுத்து வைக்கும்படி ஆரம்பத்திலேயே செய்திருந்தாள். செய்துவிட்டு மறந்தும்விட்டாள். இருநூறு வரி இருக்குமா என்று பார்க்கத் திறந்தாள்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரி இருந்தது.

முதலில் மென்பொருள் பழுதாகிவிட்டது என்றே நினைத்தாள். பிறகு வாசித்தாள்.

"கூ." அடுத்த வரி, "கூர." அடுத்தது, "கூர ஒழு." "கூர ஒழுகுது." "கூர ஒழுகுது மழ பேஞ்சா பு." அதற்கடுத்த வரியில், "கூர ஒழுகுது." பிறகு, "கூர." பிறகு, "கூ." பிறகு ஒன்றுமில்லை. ஐந்து விநாடி வெறுமை. பிறகு, "எல்லாம் நல்லா இருக்கு."

இன்னொன்று தண்ணீர் ஒன்பது நாளாக வரவில்லை என்று ஏறி, ஒன்பதை ஐந்தாக்கி, ஐந்தை இரண்டாக்கி, இறங்கிப் போயிருந்தது. ஒருவர், "கணக்கப்புள்ள பக்கத்துல நிக்கிறாரு பொறகு எழுது" என்றுவரை வந்து நின்றிருந்தார். ஐந்து வெவ்வேறு நாட்களில் யாரோ "வீரசிங்கம் ஒரு" என்று தொடங்கி, ஐந்து தடவையும் அந்த அடுத்த சொல்லுக்கு முன்னால் அழித்திருந்தார். என்ன சொல்லாக இருக்கும் என்று தயானி கொஞ்ச நேரம் யோசித்தாள். நிறைய இருந்தன.

வீரசிங்கம் திரும்பியபோது எழுதி, அவர் பார்த்தபோது அழித்திருக்கிறார்கள். இருநூற்றுப் பதினான்கு பேரும். தயானி திட்டிய திட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க நேரமில்லாததால் மொத்தமாக எடுத்துக்கொண்டாள். சுபாஸுக்கு உரியதை மட்டும் விட்டுவைத்தாள்.

சந்தோஷம் அரைமணி நேரம் இருந்தது. பிறகுதான் அட்டவணையின் வலது ஓரம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் லய எண், வீட்டு எண், பெயர். வைவாவில் இதைத் திரையில் போட்டால், இரகுநாதன் சேருக்குப் பக்கத்து நாற்காலியில் வீரசிங்கம் உட்கார்ந்திருப்பார். திங்கள் வைவா, செவ்வாய் பெரட்டு. வீரசிங்கம் ஒரு என்று எழுதியவருக்கு அடுத்த ஆறு மாதம் மலையின் எந்தச் சரிவில் வேலை விழும் என்று சொல்ல ஜோசியக்காரர் தேவையில்லை.

வலது பக்கத்துப் பெயர், எண் நிரல்களை அழித்தாள். அழிக்கும்போது அங்கே இருந்த பெயர்களைத் தானும் பார்த்துவிடக் கூடாது என்று, கொப்பி மட்டையைக் கிழித்துத் திரையின் அந்தப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். யாரென்று கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும்.

திங்கட்கிழமை கல்லூரியின் மேல்மாடி அறையில் வைவா. மேசைக்கு அந்தப் பக்கம் இரகுநாதன் சேரும், கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டாவது பரீட்சகரும். இரண்டாமவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதோடு பரீட்சையில் தன் பங்கை முடித்துவிட்டார். வீரசிங்கம் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அவரைவிடப் பதினைந்து கிலோ குறைவான ஒருவருக்குத் தைத்தது. ஒடிட்காரர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே ஒரு தேயிலைப் பார்சலை மேசையில் வைத்தார்.

"உதைத் தூக்கி வெளியில வையும்" என்றார் சேர்.

வைத்துவிட்டு வந்தார்.

முதலில் சுபாஸ்.

"தம்பி, இந்த மென்பொருளிலை நீர் காணுற பலவீனம் என்ன?"

"கொற ஒண்ணும் இல்லைங்க சேர்."

"நீர் செய்த பகுதி எது?"

"எல்லாம் நல்லா இருக்குங்க சேர்."

சேர் பேனாவை வைத்தார். "உம்மடை பேர் என்ன?"

சுபாஸுக்கு மிச்சம் இருந்தது ஒரு பதில்தான். தகப்பனைப் பார்த்தான். தகப்பன் கண்ணால் தைரியம் சொன்னார்.

"குடுக்குறாங்க சேர்."

கொழும்புக்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். சேர் ஏதோ எழுதினார், நீளமாக எழுதவில்லை. பிறகு தயானியின் பக்கம் திரும்பினார். "முறைப்பாடு கொண்டு வந்தனீரோ?"

அவள் டெப்பை மேசையில் வைத்தாள், பக்கத்தில் மடிக்கணினியில் அழிந்த வரிகளின் அட்டவணையைத் திறந்து திருப்பி வைத்தாள். என்னவென்று விளக்கினாள். சேர் உருட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் ஒன்றும் தெரிந்ததாக வரலாறு இல்லை.

"உதெல்லாம் நீரே இருந்து எழுதேல்லை எண்டுறதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான் எழுதியிருந்தா நேரா எழுதியிருப்பேங்க சேர். இப்புடி ஏறி ஏறி இறங்க எனக்குத் தெரியாது."

"ஆர் எழுதினது?"

"பேரு எடுத்துட்டேன் சேர். எனக்கும் தெரியாது." காது சிவக்கவில்லை.

சேர் இன்னும் உருட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இது நல்ல நீளமாக் கிடக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் பாத்து ஆரோ ஆறுதலா இருந்து எழுதியிருக்கினம்." கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். "கக். கக்கூ. கக்கூசு கதவு. கக்கூசு கதவு விழுந்து நாலு வருசம். பெரிய தொரைக்கிட்ட சொன்னேன். தொரை வந்து பாத்தாரு. உள்ள உக்காந்து பாத்தாரு. இங்கேருந்து நமுனுகுல நல்லா தெரியுதுன்னாரு. போட்டோ புடிச்சிட்டுப் போனாரு."

கொழும்புக்காரரின் பிஸ்கட் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"பொஞ்சாதி உள்ள போனா, ஆள் வந்துறாம இருக்கப் பாட்டுப் படிக்கணும். அவளுக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு. இப்ப லயத்துப் புள்ளைங்க எல்லாம் அந்தப் பாட்டக் கேட்டா..."

"அப்பா!" என்றான் சுபாஸ். "இது நம்ம கக்கூசுதானே!"

கொழும்புக்காரர் பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அதுவும் கொஞ்சம் மெதுவாக.

"தம்பி" என்றார் சேர். "இண்டைக்கு நீர் சொன்ன முதலாவது சரியான விடை."

வீரசிங்கம் கோட்டுக்குள் சுருங்கினார். அன்று முதல் தடவையாகக் கோட்டு அவருக்குச் சரியாக இருந்தது. இருபத்தெட்டு வருடமாக முழுப் பிரிவையும் குறையில்லை என்று சொல்ல வைத்த மனிதர். ஒரு கதவு இல்லை. தயானி அவரைப் பார்த்தாள். கூடை வார்த்தைக்குப் பதிலாக ஒன்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இதைவிட மேலாக என்ன சொல்லிவிட முடியும்? விட்டுவிட்டாள்.

சேர் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். "வடிவாத்தான் கிடக்கு. ஆனா பிள்ளை, இது அழிச்சது. அழிச்சது முறைப்பாடில்லை. அனுப்பினதுதான் முறைப்பாடு. ஒருத்தரும் ஒண்டும் அனுப்பேல்லை. நான் கேட்டது அனுப்பின ஒண்டு." பேனாவின் மூடியைக் கழற்றினார். "அடுத்த வருசம் ரெண்டு பேரும்..."

"அவனுமா?" என்றார் வீரசிங்கம்.

"வேறை? கூட்டு வேலை. ஆள் ரெண்டு, முடிவு ஒண்டு."

வீரசிங்கம் மகனைப் பார்த்தார். அடுத்த வருடத்துக்கும் மூன்று பதில் பாடம் செய்ய வேண்டிய மகன். இன்னும் மறைக்க வீட்டில் என்ன இருக்கிறது, கதவே இல்லையே. எழுந்து கையை நீட்டினார்.

"பாப்பா, அந்த டெப்பக் குடு."

நின்றபடியே எழுதினார். ஓர் எழுத்துக்கு ஒரு விரல், ஒரு விரலுக்கு ஒரு மூச்சு. பாதியில் விரல் தானாகப் பின்னால் போய் இரண்டு சொல்லை அழித்தது. சேர் தொண்டையைச் செருமினார். விரல் திரும்பி முன்னால் வந்தது. ஆறு நிமிடம். ஒரு லயத்தையே வெள்ளையடிக்க அவர் கொடுக்கிற நேரம் அது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

அழுத்தியதுதான் தாமதம், அவருடைய கோட்டுப் பையில் போன் அடித்தது.

எல்லாரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். தயானி சொன்னாள்: "முறைப்பாடு போயிருச்சு சேர். ஓபீசுல வாங்கிப் பாக்குறது இவரு போன்லதான். தொரை அப்புடித்தான் வைக்கச் சொன்னாரு."

வீரசிங்கம் போனை எடுத்தார். பையிலிருந்து கண்ணாடியையும் எடுத்து மாட்டினார். மேல்பிரிவு, கணக்கப்பிள்ளை வீடு, கக்கூஸ் கதவு, நான்கு வருடம். முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் வாசித்தார், எவனோ வேலை வெட்டி இல்லாதவன் எழுதி அனுப்பியதை வாசிப்பதுபோல. கீழே இரண்டு பொத்தான் இருந்தன. ஏற்கிறேன், நிராகரிக்கிறேன். அவர் நினைத்தாரோ இல்லையோ, கட்டைவிரல் நினைக்கவில்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் அது நேரே போய் இரண்டாவதை அழுத்தியது.

டெப்பில் சிவப்பாக ஒரு வரி வந்தது. உங்கள் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது.

இரகுநாதன் சேர் டெப்பை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். போனை வாங்கி அதையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் மறுபடி பார்த்தார்.

"உண்மையான ஆள். உண்மையான முறைப்பாடு. உண்மையான முடிவு" என்றார். "முறைமை வேலை செய்யுது." பத்திரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "சாதாரண சித்தி. கூடக் கேக்காதேயும். தம்பிக்கும் சித்தி, அது உந்தக் கக்கூசை அடையாளம் காட்டினதுக்கு. கடிதத்தை வியாழக்கிழமை வந்து எடும். அடுத்த ஆக்களை வரச் சொல்லும்."

தயானி பத்திரத்தைக் கையில் வாங்கினாள். வியாழன் என்றால் மாத முடிவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும். வெலிமடைக்காரி வேறு மேசை தேடட்டும்.

வெளியே படிக்கட்டில் சுபாஸ் தேயிலைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். வீரசிங்கம் போனை இன்னும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு தடவை நின்று பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா."

"என்னாங்க ஐயா?"

"கை தவறிப் பட்டுருச்சு. இதத் திருப்பி எடுக்க வழி இருக்கா?"

"இல்லைங்க ஐயா. முதல்லேருந்து எழுதி அனுப்பணும்."

"அனுப்புனா?"

"ஒங்களுக்குத்தான் வரும்" என்றாள் தயானி. பண்டாரவளை பஸ் புறப்படும் நேரமாகிவிட்டதால் இரண்டு இரண்டு படியாக இறங்கினாள்.